கேரலுக்கு வைத்த சாயா

மைனி,

இன்று காலை கோயிலுக்குப் போகிற பாதையில் ஆனை வாடை அடித்தது. நாளை மூன்றாம் அட்வென்ட் ஞாயிறு, கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது. கோயிலைக் கூட்டித் துடைத்து வைப்பது இந்த மாதம் என் முறை. விளக்குமாறும் வாளியுமாக ஓடைப் பாலத்தைத் தாண்டும்போதே மூக்கில் ஏறிவிட்டது. ஈர வைக்கோல், மூத்திரம், கசக்கிய இலை, எல்லாம் கலந்த அந்த வாடை. கால் அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் போகவும் பயம், திரும்பி நடக்கவும் பயம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒன்றும் அசையவில்லை. அசையாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது கர்த்தர் இல்லை, நீங்கள்தான். அவர் மன்னிக்கட்டும். இந்த மலையில் அந்த வாடையை முதலில் பிடிக்கிற மூக்கு உங்களுடையது. "ஏட்டி, நில்லு. வந்துருக்கு," என்பீர்கள். எது வந்திருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அதற்குள் என் கையைப் பிடித்திருப்பீர்கள். உங்கள் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் என் கையில் இருக்கும்.

இன்றைக்குப் பிடிக்க ஆள் இல்லை. வாளியைப் பாலத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, கட்டன் சாயா குடித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு நான் ஒரு காரியம் செய்ய வேண்டும். அதற்கும் பயமாக இருக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் சொல்ல? மற்றவர்கள் எல்லோரும் தைரியசாலிகள்.

இரணியல் பக்கத்திலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு பேச்சிப்பாறைக்கும் மேலே இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், அணையில் தண்ணீர் ஏறினால் பயம், இறங்கினாலும் பயம். விடியுமுன்னே அண்ணன் ஹெட்லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனால், அந்த வெளிச்சம் மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் வாசலில் நின்று அழுவீர்கள். திரும்பி வந்தால் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள், என்ன ஆச்சு என்று அதற்கும் பயப்படுவீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் உங்களுடைய பயங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் அட்வென்ட் பயம்தான். ஊரெல்லாம் கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற அந்த மாதம் ஸ்டார் கட்டவும் அச்சு முறுக்கு சுடவும் பரபரப்பாக இருக்கும். நீங்கள் மட்டும் பெஞ்சில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து, நம் போதகராக இருந்த பழைய அய்யர் பிரசங்க பீடத்தில் ஏறியதும் என் தொடையைக் கிள்ளத் தொடங்குவீர்கள். அவருக்குச் சத்தம் அதிகம். "அவர் வருகிறார்! சீக்கிரமாய் வருகிறார்! ஆயத்தமாயிருக்கிறாயா?" என்று கையை ஓங்குவார். "இவரு சொல்லுகதக் கேட்டா, ஓடைப் பக்கம் நின்னு வருது வருதுன்னு ஆளு கத்துக மாதிரில்லா இருக்கு," என்று என் காதில் முனகுவீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வேன்.

ஒருநாள் கோயில் விட்டு வரும்போது கேட்டேன். "மைனி, வாறது நம்ம கர்த்தரு. அதுக்குப் போயி பயப்படணுமா?"

"கிறிஸ்மஸ் கொள்ளாம் பிள்ளே. அட்வென்ட்டுதான் பேடி. வந்தாச்சுன்னா ஒரு பேடியும் இல்ல. வரப்போவுதுன்னு சொன்னாத்தான் பேடி."

"தூதன் வந்து பயப்படாதேன்னுதானே சொன்னாரு?"

"ரெக்கையோட ஒருத்தரு அடுக்களையில வந்து நின்னு பயப்படாதேன்னு சொன்னாருன்னு வையி. நான் அந்தச் சத்தத்துலயே செத்துருவேன், கேட்டியா."

அன்றைக்கு அது எனக்கு வேடிக்கை. இப்போது வயது அறுபதைத் தொட்ட பிறகு, தனியாக இந்த வீட்டில் இருக்கும்போது, அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. வரப்போகிற ஒன்று எது மாதிரி இருக்கும் என்று தெரியாமல் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பதுதான் அட்வென்ட். அதை ஊதா மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டுப் பாடி அழகாக்கி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

நம் கோயிலை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோதே பாதி பெஞ்சு காலி. இப்போது முன்வரிசையில் உட்கார ஆள் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தோஹாவிலும் ஷார்ஜாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வேலையை விட்டவர்கள் குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் வீடு கட்டி இறங்கிவிட்டார்கள். மிஞ்சியிருக்கிற நம்மில் பலருக்கு முழங்கால் மடங்குவதில்லை. ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கச் சொன்னால் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிகிறோம். வாசிக்க ஆள் இல்லாமல் ஆர்மோனியம் துணி மூடிக் கிடக்கிறது. புது அய்யர் போனில் இசையைப் போட்டுவிடுகிறார், நாம் அதோடு ஓடிப் பிடித்துப் பாடுகிறோம். ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் நான் பெஞ்சுகளைப் பார்க்கிறேன். அடுத்தது யார் என்று பார்க்கிறேன். இதை வெளியே சொல்ல முடியுமா?

நாளைய காரியத்தில் வந்து நிற்கிற இந்தக் கதை எல்லாம் எங்கே தொடங்கியது என்று அண்ணனைக் கேட்டால் ஒரே பதில்தான். "எல்லாத்துக்கும் காரணம் அவ வச்ச சாயாவாக்கும்."

அந்தச் சாயாவை நான் மறக்க முடியுமா?

சில வருடங்களுக்கு முன்னால், கிறிஸ்மஸ் பாட்டோடு வீடு வீடாகப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் கீழ் வீடுகளில் தொடங்கி, வழக்கம் போல உங்கள் வீட்டில் முடிய வேண்டும். மேட்டில் கடைசி வீடு உங்களுடையது. அதற்கும் மேலே தனியார் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகள்தான். அவை பல வருடமாகப் பூட்டிக் கிடந்தன. அண்ணன் டிரம் அடிக்கக் கேரலோடு போய்விட்டார். நீங்கள் பெரிய அலுமினியப் பானையில் சாயா போட்டு, அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் உப்பேரியும் தட்டில் பரப்பி வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் மழை தூறியது, கரண்டும் போனது, அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தீர்கள். சன்னல் வழியாகப் பார்த்தால் மரங்களுக்குள் வரிசையாக ஹெட்லைட் வெளிச்சம். அப்பாடா, கேரல் வந்துவிட்டது என்று கதவை அகலத் திறந்து, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டு, பயம் தெளிவதற்காக நீங்களே பாட்டையும் தொடங்கிவிட்டீர்கள்.

கூடப் பாட யாரும் இல்லை. கேரல் கீழேயிருந்து வர வேண்டும். அந்த வெளிச்சம் மேலேயிருந்து வந்தது. பயந்தவளுக்கு மேல் ஏது, கீழ் ஏது? வாசலில் நின்றவர்கள் நீங்கள் வாழ்க்கையில் பார்த்திராத முகங்கள். நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆண்களும் பெண்களும், ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு. பூட்டிக் கிடந்த லைனில் பால்வெட்டுக்கென்று ஜார்க்கண்டிலிருந்து அந்த வாரம்தான் அவர்களைக் கொண்டு வந்து இறக்கியிருக்கிறார்கள். லைனுக்குப் பக்கத்தில் ஆனை நின்றிருக்கிறது. வெளிச்சம் தெரிந்த முதல் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.

நாங்கள் கேரலோடு வந்து சேர்ந்தபோது உங்கள் முன்னறை நிறைய அந்நியர்கள். தட்டு காலி, பானை காலி. நீங்கள் அடுக்களையில் உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தீர்கள். வீட்டில் கொள்ளை போய்விட்டது என்று அண்ணன் டிரம் குச்சியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். குழந்தை அலறியது. இடுப்பில் குழந்தை வைத்திருந்த அந்தப் பெண் சட்டென்று நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினாள். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவள் பெயர் சுசானா.

அடுத்த ஞாயிறு அய்யர் அறிவிப்பு நேரத்தில், அந்நியரை உபசரித்த நம் சகோதரியின் அன்பு என்று உங்களை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். நீங்கள் முகம் சிவந்து உட்கார்ந்தீர்கள். வெளியே வந்ததும் என்னிடம் பொரிந்தீர்கள்.

"அன்பாம் அன்பு! என்னத்த அன்பு? வாங்கன்னு சொன்ன வாயத் திருப்பி எடுக்க முடியுமா ஏட்டி? அந்த நேரத்துல அவிய என் உசிரக் கேட்டிருந்தாலும் கப்புல ஊத்திக் குடுத்திருப்பேன். பேடியில குடுத்தேன். பேடியிலயாக்கும்!"

அந்த ஞாயிறுதான் அவர்கள் முதல் தடவை கோயிலுக்கு வந்தார்கள். இத்தனை பெஞ்சு காலியாக இருக்க, கடைசியில் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து சுசானா மட்டும் மெல்ல எழுந்து வந்து உங்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் பக்கத்துலயே வந்து இருக்கா பாத்தியா? நான் என்ன செய்ய?" என்று என்னிடம் முறையிட்டீர்கள். முறையிட்டுக்கொண்டே உங்கள் பையை எடுத்து மடியில் வைத்து, அவளுக்கு இடம் விட்டீர்கள். அந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் உங்கள் முந்தானைதான். எப்போது கேட்டாலும் எனக்குப் பேடியாட்டு இருக்கு என்றுதான் சொல்வீர்கள். நானும் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை.

போன ஆனி மாத மழையில் உங்களை அடக்கம் செய்ததைப் பற்றி உங்களிடம் நான் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே இருந்தீர்கள், ஆனால் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுகிற வழி உங்களுக்குத் தெரியும். மழையில் அது சறுக்கு மேடு. பெட்டியைத் தூக்க நம் ஆட்கள்தான் நின்றார்கள், எல்லாம் அண்ணன் வயதுக்காரர்கள். பாதி வழியில் ஒருவருக்கு மூச்சுத் திணறியது, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கத்திவிட்டேன். அதுவரை கேட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் மழையில் நின்றிருந்த லைன் ஆட்கள் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, விரலை மண்ணில் ஊன்றி ஊன்றி உங்களை மேலே கொண்டு போனார்கள்.

எல்லோரும் அவர்களைப் புகழ்ந்தார்கள். எனக்கு நன்றி வரவில்லை மைனி. பயம்தான் வந்தது. நம்மைத் தூக்க நம்மில் ஆள் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நாளைக்கு என் பெட்டிக்கு முன்னால் எனக்குப் புரியாத பாஷையில் பாட்டுப் பாடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் கிடக்க வேண்டும்.

இந்த வருடம் லைனில் இன்னும் குடும்பங்கள் வந்துவிட்டன. ஞாயிறு காலையில் பின்னால் திரும்பிப் பார்த்தால் அவர்கள் நம்மை விட அதிகம். இதற்கிடையே ஒரு பேச்சு. நம் சபையில் ஆள் குறைந்துகொண்டே போவதால், கீழே உள்ள பெரிய சபையோடு நம்மைச் சேர்த்துவிட்டு, கோயிலை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கப் போகிறார்கள் என்று. அய்யர் முதல் அட்வென்ட் அன்று அதைச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமினார். லைன் குடும்பங்களைச் சபையில் அங்கத்தினர்களாக எழுதிக்கொள்ளலாம், ஞாயிறு சாயங்காலம் அவர்கள் பாஷையில் ஆராதனை நடத்தக் கோயிலைக் கொடுக்கலாம், அப்படிச் செய்தால் சபை நிற்கும் என்றார். மூன்றாம் அட்வென்ட் அன்று ஆராதனை முடிந்ததும் கை தூக்கி முடிவு செய்ய வேண்டுமாம்.

அதுதான் நாளை.

கோயில் வாசலில் அன்று என்ன சத்தம்! அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார். "எழுதிக்கிட்டா கமிட்டியில வருவானுக. கமிட்டியில வந்தா சாவி அவனுக கையில. பொறவு நாம கேட்டுக்கு வெளிய நிப்போம். எங்க அப்பன் கல்லு சொமந்து கெட்டின கோயிலு இது." பால் சொஸைட்டி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நம் பொருளாளர், பூட்டிப் போடுவதை விட இது மேல் என்றார். "பூட்டினாலும் நம்ம கோயிலு," என்றார் அண்ணன். நம் பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வழியில் வரும்போது ஒவ்வொருத்தியாக என்னிடம் வந்து, "நீங்க என்ன செய்வியளோ அதையே நாங்களும் செய்வோம்" என்றார்கள். உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் உங்கள் பங்கையும் நான் தூக்க வேண்டும் போல.

மகன் தோஹாவிலிருந்து பேசினான். யாரோ அவனுக்கும் சொல்லிவிட்டார்கள். "அம்மா, நீங்க இதுல தலையிடாதீங்க. எண்ணிக்கை கூடினா கோயிலே அவங்க கைக்குப் போயிரும்."

"நீ அங்க ஆராதனைக்கு எங்க மக்கா போற?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை. வேற சபைக்காரங்க அவங்க ஹால்ல நமக்கு நேரம் குடுத்துருக்காங்க."

உடனே சாப்பாடு ஆச்சா என்று பேச்சை மாற்றினான். பிறகு, "அது வேற, இது வேற அம்மா," என்றான். எனக்கும் அது வேறு, இது வேறு என்றுதான் பட்டது. என்ன வேறு என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் மேலே லைன் பக்கம் கொட்டுச் சத்தம் எழுந்தது. தகரத்தையும் பானையையும் தட்டி நம் ஆட்கள் ஆனையை விரட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு வேகம். எல்லா வீட்டிலும் படபடவென்று கதவைச் சாத்தினோம். விளக்கு எல்லாவற்றையும் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் வெடிக்கட்டை எடுத்துக் கொளுத்தி மேலே பார்த்துப் போட்டார். மலை முழுக்க எதிரொலித்தது. அந்த நொடியே கொட்டு நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அவர்கள் மாந்தர் என்று ஒரு மேளம் வைத்திருக்கிறார்கள். கேரலுக்குப் பழகிக்கொண்டிருந்தார்களாம். கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீங்கள் இருந்திருந்தால் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

நான் நாளைக்குக் கையைத் தூக்குவேனா என்று கேட்காதீர்கள். மத்தியானம் வரைக்கும் யோசித்ததில் தூக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. தலை வலிக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனை வாடை அடித்தது என்று சொன்னால் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

*

இதுவரை மத்தியானம் எழுதியது. இப்போது விளக்கு வைத்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க முடியும்.

பொழுது சாய்ந்து இருட்டு கட்டிய நேரத்தில் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. பேச்சு இல்லை, காலடி மட்டும், நிறையப் பேருடையது. நான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரோ மெல்ல, மிகவும் மெல்ல, "அக்கா" என்றார்கள். சுசானாவின் குரல்.

திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன் மைனி. தாழ்ப்பாளில் கை வைத்தபோது எனக்கு மூத்திரம் முட்டியது, உங்களிடம் சொல்வதற்கென்ன. ஆனால் இந்த இருட்டில், ஓடைப் பக்கம் அது நிற்கிற நேரத்தில், பிள்ளைகளோடு நடந்து வந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பினால் அதே வழியில்தான் போக வேண்டும். அந்த நினைப்புதான் தாழ்ப்பாளை எடுத்தது. அன்பு ஒன்றும் இல்லை. உங்களைப் போலத்தான்.

சுசானா படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று பெண்கள், பிள்ளைகள். ஆண்கள் முற்றத்துக்குள்ளேயே வரவில்லை. மேளத்தைத் துணியால் சுற்றி, கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார்கள். ஒருவர் நெற்றியிலும் வெளிச்சம் இல்லை. ஹெட்லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் நின்றார்கள். ஒவ்வொருவரும் நெஞ்சோடு சேர்த்து எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுத் தாள் என்று நினைத்தேன். விளக்கைப் போட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் கார்டு.

கேரல் பாட வந்தவர்கள் கையில் ஆதார் கார்டு.

"இது எதுக்கு சுசானா?"

அவள் நம் தமிழை ஓரளவு பிடித்துவிட்டாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேல் வீட்டு தாத்தா கேட்டாரு அக்கா. முதல்ல அங்கதான் போனோம். ஆன்ட்டி வீடு. ஆன்ட்டி சாயா குடுத்த வீடு. தாத்தா, கார்டு இருந்தாத்தான் பாட்டுன்னு சொன்னாரு. திரும்ப லைனுக்குப் போயி எல்லாரும் எடுத்துட்டு வந்தோம்."

"காட்டினியா?"

"காட்டுனோம். தாத்தா எல்லாம் போன்ல போட்டோ எடுத்தாரு. பொறவு கதவு சாத்திட்டாரு."

"பாட்டு?"

"பாடல."

உங்கள் வாசலில்தான் மைனி. உங்கள் வாசலில். அண்ணனைத் திட்டாதீர்கள். நீங்கள் போன பிறகு அவர் எல்லா விளக்கையும் எரியவிட்டுத்தான் தூங்குகிறார். தலைமாட்டில் வெட்டுக்கத்தி இருக்கிறது. அவருக்கும் பேடிதான், அதைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

நான் வாசலை மறித்து நிற்பதைப் பார்த்துச் சுசானா கார்டை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினாள். "அக்கா, ஒங்களுக்கும் போட்டோ எடுக்கணுமா?" கார்டு நடுங்கியது. குளிர் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். குளிர் இல்லை. அவள் நகம் என் கையில் பதிந்தது. அவள் பிள்ளை, உங்கள் முந்தானையில் மூக்கைத் துடைத்த அதே பிள்ளை, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்ததும் அது ஒரு அடி பின்னால் போனது. வாழ்க்கையில் என்னைக் கண்டு யாரும் பயந்ததில்லை மைனி. கோழிகூடப் பயந்ததில்லை.

உள்ளே கூப்பிட்டேன். வந்தார்கள். ஆண்களைக் கூப்பிட இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பாடினார்கள், தமிழில் ஒன்று, அவர்கள் பாஷையில் ஒன்று. தமிழ்ப் பாட்டை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை தப்பினால்கூட வெளியே போகச் சொல்லிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு பாடினார்கள். மேளத்தை அடிக்கவே இல்லை. அடிக்கலாமே என்றேன். மேளக்காரர் வெடிச் சத்தம் போல வாயால் ஒரு சத்தம் செய்து காட்டிவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். போன வாரம் நாங்கள் சிரித்தோம் என்று எழுதினேனே, அதை அடித்துவிட வேண்டும் போல் இருக்கிறது.

சாயா வைத்துக் கொடுத்தேன். இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். பாலம் வரைக்கும் டார்ச்சோடு நானும் போய், அவர்கள் எல்லோரும் ஏறுகிற வரைக்கும் நின்றேன். காலையில் வைத்த வாளி அங்கேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். வழியெல்லாம் சத்தமாக வேதாகமச் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன், பாதியில் மறந்துவிட்டது.

நாளைக்கு நான் கோயிலுக்குப் போகிறேன். கையைத் தூக்குவேன். அண்ணன் என்னைப் பார்ப்பார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவாரோ என்னவோ, எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. கோயில் நாளைக்கு யார் கைக்குப் போகும், என் பெட்டிக்கு முன்னால் என்ன பாட்டுப் பாடுவார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. பயம் ஒரு துளி குறையவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அதுதான், அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பயந்துகொண்டேதான் கையைத் தூக்க வேண்டும் என்றால் அப்படியே தூக்குகிறேன்.

ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இத்தனை அட்வென்ட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறார் வருகிறார் என்று சொல்லக் கேட்டு நீங்களும் நானும் நடுங்கினோம். நம்மிடம் வருகிறவருக்கு நம்மைக் கண்டு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நாம் நினைத்துப் பார்க்கவில்லையே, மைனி.